சேற்றில் இறங்கிய நடராசர்

கலையையும் பண்பாட்டு அடையாளத்தையும் சேர்த்துப் பேசிய விமர்சகர் என்றதும் ஆனந்த குமாரசுவாமிதான் நினைவுக்கு வருகிறார். 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஈழத் தமிழர், தாய் ஆங்கிலேயர், படித்தது நிலவியல். 1918இல் வெளியான 'சிவ நடனம்' நூலில் திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் துணைகொண்டு நடராசர் திருமேனிக்குப் பொருள் சொன்னார். சிலை என்பது சிற்பியின் சொந்த உணர்ச்சியல்ல, ஒரு சமூகம் தலைமுறைகளாகச் சிந்தித்ததன் வடிவம் என்பது அவர் கட்சி. நம் சாமிகளுக்குக் கைகள் அதிகம் என்று முகம் சுளித்த ஐரோப்பியருக்கு அது தக்க பதில். ஆனால் அவர் கண்டது இந்தியா என்ற பேரடையாளத்தை. ஊர் அதில் கரைந்துபோனது.

கரைந்துபோனது எது என்பது கொங்கு நாட்டுப் பேரூர் பட்டீசுவரர் கோயிலில் தெளிவாகத் தெரிகிறது. அங்குள்ள கனகசபையை 17ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் அழகாத்ரி நாயக்கர். அதன் தூணொன்றில், யானை உரித்த சிவனின் காலடியில் யானைத்தலை. முதுகுக்குப் பின்னே விரித்துப் பிடித்த தோல், கருங்கல் என்பதே மறந்துபோகும். "இது நாயக்கர் கலை, கொங்குக்கு இதில் என்ன பங்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், இதே கைவரிசை திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்புக் கோயிலிலும் உண்டு. உளி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்தால் நமக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் இந்தச் சபையில் ஆடுகிறவருக்குப் பேரூரில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பொருள் கேட்டுத் தேவாரம் பாடிய சுந்தரர் வருவதறிந்து, பள்ளர் கோலம் பூண்டு உமையோடு வயலில் நாற்று நட்டார் என்கிறது தலபுராணம். ஆனி மாத நாற்று நடவுத் திருவிழா அதன் நினைவு. தில்லையில் ஆகாயமாக நிற்பவர் நொய்யல் கரையில் முழங்கால் அளவு சேற்றில் நிற்கிறார். குமாரசுவாமியின் பிரபஞ்ச நடனத்துக்குள் இந்தச் சேறு வரவேயில்லை.

அடையாளம் பேசினால் சாதியில்தான் போய் முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். அந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. மேடைகளில் கொங்கு என்ற சொல் பலநேரம் ஒரே சாதியின் பெயராகச் சுருங்கிவிடுகிறது. பேரூர் அப்படிச் சுருங்க மறுக்கிறது. சபையை எழுப்பியவர் நாயக்கர். பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் திருத்தணிக்காரர். சாமி எடுத்த கோலமோ, இன்று தேவேந்திரகுல வேளாளர் எனப்படும் மக்களுடையது. இத்தனை பேரையும் கணக்கில் சேர்க்காமல் கொங்குக் கலை என்று எழுதுவது கலை விமர்சனம் ஆகாது, விளம்பரம்.

பேரூர்த் தூண்களைப் பற்றியும், மண்குதிரை வனையும் வேளார்களைப் பற்றியும், கொங்கு நாட்டார் கதைப்பாடலான அண்ணன்மார் கதைக்கு உடுக்கடிப்பவர்களைப் பற்றியும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.