ஆராய்ச்சிக்கு வெட்டுக்காரர் கண்ணும் வேண்டும்

தோழர்களே! பால்மரத்தை அறிந்தவர் யார்? பட்டம் பெற்றவரா, அன்றாடம் பட்டையில் கத்தி வைப்பவரா? இருவருமே என்பது நமது பதில். ஆனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான் அரிதாக இருக்கிறது.

1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல ஒட்டுமரங்களையும் வெட்டு முறைகளையும் தந்தது. நாம் அதை மறுக்கவில்லை. 1998இல் அது மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. ஆயினும் பட்டை வறட்சி நோய்க்கு இன்றும் முழு விடை கிடைக்கவில்லை. பால் நீர்த்துப் போவதையும், வெட்டுக்கோட்டில் ஒரு பகுதி பால் விடாமல் காய்வதையும் முதலில் காண்பவர் அந்த நிரையை வெட்டும் தொழிலாளி. மழை நாளையும் பால் எடையையும் எழுதி வைப்பவர் கிராணியார். இந்தக் கண்ணும் இந்தக் கணக்கும் ஆராய்ச்சிக்கு வேண்டாமா?

இதற்கு நம் ஜொகூரிலேயே வழிகாட்டி உண்டு. கேலாங் பாத்தா வட்டாரத்தில், தஞ்சோங் குப்பாங் மீனவர் கிராமங்களில், 2008இல் 'கெலாப் அலாமி' என்னும் இயற்கைக் கழகம் எழுந்தது. கடல் ஆய்வாளர் செரினா ரஹ்மான் அதை நிறுவியவர்களில் ஒருவர். மீனவருக்கு நீரோட்டமும் பருவமும் தெரியும்; ஆய்வாளருக்கு அளக்கும் முறை தெரியும். மெராம்போங் கடற்புல் திடலில் உள்ள உயிர்களை கிராமத்து இளைஞர்களே கணக்கெடுக்கப் பழகினர். 2014இல் பாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காக அப்பக்கம் கடலில் மணல் கொட்டப்பட்டது. இடையில் வேலை நிறுத்தப்பட்டு, சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குப் பின் 2015இல் அனுமதி தரப்பட்டது. மீனவரின் பதிவால் திட்டம் நின்றுவிடவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் நிலை என்ன? பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. மூத்த வெட்டுக்காரர்கள் குறைந்து வருகின்றனர். அவர்கள் அறிந்தது எழுதப்படாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

ஆகவே நாம் கேட்பது இவை: எதை ஆராய்வது என்பதை எங்களோடு கலந்து முடிவு செய்யுங்கள். அதற்காக நிற்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். முடிவைப் பிரட்டுக் களத்தில் தமிழில் சொல்லுங்கள். உழைத்தவர் பெயரை அறிக்கையில் போடுங்கள்.

நம் பங்கும் உண்டு. எந்த நிரையில், எந்த மரம், எந்த நாளில் காய்ந்தது என்று இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கத் தொடங்குவோம். எழுதத் தயங்குவோருக்குக் கிராணித் தோழர்கள் கை கொடுக்கட்டும்!