‘எப்படியும் அஞ்சு வருசம்தான்’ என்பவருக்கு

“உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்று வந்தால் எப்படியும் அஞ்சு வருசம்தான். கத்தி வைத்தால் பரவும், முகம் கோணும். பெரம்பலூர், அரியலூர்க்காரன் காட்டை விற்று வைத்தியம் பார்ப்பது வீண்” என்கிறார் ஒரு கட்டுரையாளர். மூன்றும் தப்பு.

ஐந்தாண்டு என்பது டாக்டர்கள் கணக்கெடுக்க வைத்த எல்லை, எமன் குறித்த கெடு அல்ல. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில், பிற காரணச் சாவுகளை ஒதுக்கிப் பார்த்தால், சுரப்பியைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு கடப்பவர்கள் 100க்கு 90க்கும் மேல். தொலைவு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் பாதிக்கும் கீழ். இந்தப் புற்றில் 20க்கு மேற்பட்ட வகைகள் வேறு. வீரியம் குறைந்த மியூகோஎபிடெர்மாய்டு வகை பெரும்பாலும் அறுவையோடு தீரும். அடினாய்டு சிஸ்டிக் வகை நரம்போடு ஊர்ந்து, பத்தாண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். அதற்கு ஐந்தாண்டுக் கணக்கு பொய்யான நிம்மதியே தரும். பயமுறுத்த நினைத்தவர் இதையாவது படித்திருக்கலாம்.

கத்தியா பரப்புகிறது? கட்டியை முழுதாக எடுப்பதுதான் முதல் வைத்தியம். வீரியம் கூடினால் பிறகு கதிர்வீச்சு. முகத்தை அசைக்கும் நரம்பு, காதடியில் உள்ள பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே ஓடுகிறது. புற்று அதைப் பற்றாதவரை பிரித்துக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். விட்டுவைத்தால் அதே நரம்பைப் புற்று தின்னும். கத்தி படாமலே முகம் கோணும்.

ஆளைக் கொல்வது தாமதம். காதடியில் வீங்கினால் பொன்னுக்குவீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டு, பத்துப் போடுகிறோம். அது காய்ச்சலும் வலியுமாக வந்து இரண்டு வாரத்தில் வடியும். புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, வடியவும் வடியாது. பரோட்டிட் கட்டிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி சாதாரணக் கட்டிகளே. எது புற்று என்பது ஊசி குத்திப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தச் சாதாரணக் கட்டியிலும் ஒரு வகை, வருடக்கணக்கில் விட்டால் புற்றாகலாம்.

காட்டை விற்கச் சொன்னது யார்? அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் கதிர்வீச்சு உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இயங்குகிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை செலவு ஏற்கப்படுகிறது. பஸ் காசும் போன கூலியும் நிஜமான சுமைதான். அதைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சிகிச்சையே வேண்டாம் என்று எழுதினால், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுபவருக்கு நீங்கள்தான் பொறுப்பு.