சாவி யார்கிட்ட இருக்கு?

நம்ம காலேஜில் 8 இன்ச் டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூமில், ரிப்பேரான ஆசிலோஸ்கோப்புகளுக்கும் பழைய ரெக்கார்டு நோட்டுக் கட்டுகளுக்கும் நடுவே, ஒரு வெள்ளை பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நான் அஸ்ட்ரானமி கிளப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆச்சு. அந்த பெட்ஷீட்டை எடுத்துப் பார்த்தது மொத்தம் நாலே தடவை. அதில் இரண்டு தடவை பட்டப்பகலில். ஒன்று நாக் விசிட்டுக்கு, இன்னொன்று கிளப் போஸ்டருக்குப் போட்டோ எடுக்க.

ராத்திரியில் வெளியே வந்த இரண்டு தடவையில் ஒன்று, போன சிம்போசியம். கிரவுண்டில் வைத்திருந்தோம். நல்ல கூட்டம். மெயின் கேட் செக்யூரிட்டி அண்ணா டியூட்டி மாறும் நேரத்தில் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, “பாப்பா, நானும் ஒரு தடவை பாக்கலாமா?” என்று கேட்டார். “கண்டிப்பாண்ணா, இந்த க்யூ மட்டும் முடியட்டும்” என்றேன். க்யூ முடியவில்லை. அதற்குள் மேகம் வந்துவிட்டது. எனக்கும் ஹாஸ்டல் டைம் ஆகிவிட்டது. மறுநாள் கேட்டில் பார்த்தபோது, “அடுத்த தடவை நிச்சயம் காட்டறேண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை எப்போது என்று எனக்கே தெரியாமல் அதைச் சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ராத்திரி முழுக்க அந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதருக்குக் காட்ட முடியாத டெலஸ்கோப் நமக்கு எதற்கு? நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நம்ம கிளப்புக்கு இப்போது தேவை புது டெலஸ்கோப் இல்லை, டோம் இல்லை, ஸ்பான்சர் இல்லை. ஒரு கிழமை தேவை. இந்தக் கிழமை, இந்த நேரம், வானம் தெளிவாக இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஊருக்கே சொல்லிவிட்டு, சொன்னபடி திறக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். லண்டனில் ஹாம்ஸ்டெட் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 1899-இல் தொடங்கிய ஹாம்ஸ்டெட் சயின்டிஃபிக் சொசைட்டி என்ற சங்கம், 1910-லிருந்து ஒரு சின்ன ஆப்சர்வேட்டரியை நடத்தி வந்தது. இடம் என்ன தெரியுமா? நிலத்தடிக் குடிநீர்த் தொட்டியின் மேல்தளம். டெலஸ்கோப், குக் கம்பெனி செய்த பழைய 6 இன்ச் லென்ஸ் டெலஸ்கோப். குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் வெள்ளி, சனி ராத்திரிகளில் வானம் தெளிவாக இருந்தால் திறப்பார்கள். கட்டணம் இருந்ததில்லை. நடத்தியது சங்கத்து உறுப்பினர்கள்தான். சம்பளம் வாங்கியவர் யாரும் இல்லை. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் ராத்திரி முறை வைத்து வந்து, தெருவில் போகிறவர்களுக்கு சனியைக் காட்டிவிட்டுப் போனார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டெலஸ்கோப் வாங்கும் ஒளி அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8-ஐ 6-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் கிட்டத்தட்ட 1.8. நம்முடையது கண்ணாடி டெலஸ்கோப் என்பதால் நடுவில் நிற்கும் சின்னக் கண்ணாடி கொஞ்சம் மறைக்கும். அதைக் கழித்தாலும் பெட்ஷீட்டுக்குள் இருப்பதுதான் பெரியது. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது கிழமை மட்டும்தான்.

இதை கிளப் மீட்டிங்கில் சொன்னபோது வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன். எதுவும் சும்மா சொன்னதில்லை. எல்லாமே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

முதல் பதில்: “நம்ம ஊர் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது.” பால்வீதி தெரியாது, உண்மை. மங்கலான கேலக்ஸிகளும் தெரியாது. ஆனால் நிலா, வியாழன், சனி மூன்றுக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. அவை அவ்வளவு பிரகாசம். லண்டன் வெளிச்சத்தில் முடிந்தது என்றால் பைபாஸ் ஓரத்து நம்ம கிரவுண்டில் முடியாதா? முதல் தடவையாக டெலஸ்கோப்பில் பார்க்க வருகிறவர் கேலக்ஸி கேட்டு வருவதில்லை. நிலாவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு “உள்ள ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருக்கீங்களா?” என்று கேட்பவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பதில்: “ராத்திரி பர்மிஷன் தர மாட்டாங்க. அதுவும் கேர்ள்ஸுக்கு.” இது எனக்கு நேரடியாக வலிக்கிற விஷயம். எங்கள் கிளப்பில் பாதிக்கு மேல் பெண்கள். போஸ்டர் செய்வது நாங்கள், க்விஸ் நடத்துவது நாங்கள். ஆனால் இருட்டிய பிறகு டெலஸ்கோப் பக்கத்தில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வானியல் என்றால் நடுராத்திரி வேலை என்று நாமே நினைத்துக்கொண்டு கேட்பதால்தான் “முடியாது” என்று பதில் வருகிறது. கேட்கிற விதத்தை மாற்றலாம்.

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சூரியன் மறையும் நேரத்தில் நிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கும். பாதி நிலா என்பதால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். டெலஸ்கோப்பில் பார்க்க முழுநிலவை விட இதுதான் அழகு. முழுநிலவில் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். ஆக, அஷ்டமிக்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமை, மாலை 6.30 முதல் 8.30 வரை. மாதத்தில் ஒரே ஒரு நாள். கேம்பஸுக்குள்ளேயே. அந்த ஒரு நாள் ஹாஸ்டல் நேரத்தை 8.45 ஆக்கித் தாருங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? அஷ்டமியில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள் என்பதால் கிரவுண்டும் நமக்குப் போட்டியில்லாமல் கிடைக்கும்!

மழை மாதங்களை விட்டுவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்ம வானத்தை நம்ப முடியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலு சனிக்கிழமை. முதல் வருஷத்துக்கு அந்த நாலு போதும்.

மூன்றாவது பதில்: “பப்ளிக் வந்தா ஒடச்சிடுவாங்க.” இதற்கு ஜான் டாப்சன் கதையைச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியை வாங்கித் தேய்த்து டெலஸ்கோப் கண்ணாடி ஆக்கினார். குழாய்க்கு அட்டை, தாங்கிக்கு ப்ளைவுட். செய்ததைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருக்காரர்களுக்குக் காட்டுவார். இதற்காக அடிக்கடி வெளியே போனதால் 1967-இல் மடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ‘சைட்வாக் அஸ்ட்ரானமர்ஸ்’ என்ற குழு தொடங்கியது. நடைபாதையில் டெலஸ்கோப்பை வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவதுதான் அவர்கள் வேலை. பெட்ஷீட்டுக்குள் இருக்கும் நம்முடையதற்கு டாப்சோனியன் என்றுதான் பெயர். தெருவில் வைப்பதற்காகவே ஒருவர் யோசித்துச் செய்த வடிவத்தை நாம் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கிறோம்.

பூட்டி வைத்தால் பத்திரம் என்பதும் சரியில்லை. காற்றோட்டமே இல்லாத ஈரமான இருட்டறையில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து, துடைக்கக் கூடாத இடத்தைத் துடைக்காமல், சிலிகா ஜெல் மாற்றி வைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

நாலாவது பதில்தான் நிஜமான சிக்கல்: “தெரிஞ்ச சீனியர்ஸ் பாஸ் அவுட் ஆயிட்டாங்க.” கண்ணாடிகளை நேராக்குகிற கொலிமேஷன் வேலை தெரிந்த அண்ணா போன மே மாதம் போய்விட்டார். அவர் போனபோது அந்த வித்தையும் கூடவே போனது. நம்ம கிளப் ஆரம்பித்து ஆறு வருஷம் ஆச்சு என்கிறோம். உண்மையில் அது முதல் வருஷத்தையே ஆறு தடவை வாழ்ந்திருக்கிறது.

கிழமை வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதே இதற்காகத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் தெரிந்தவர்தான் கை வைப்பார். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்போம். மாதா மாதம் எடுத்தால் ஒரு விதி வைக்கலாம்: செகண்ட் இயர் கை வைக்க வேண்டும், தேர்ட் இயர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் ஐபீஸ் பக்கம், ஒருவர் வரிசையில், ஒருவர் விளக்கம் சொல்ல. விளக்கம் தமிழில். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் ஆப்சர்வேட்டரியில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் வேலை பார்த்தார். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை ஜனங்களுக்குப் புரியவைக்க தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு நூல் எழுதினார். அவருக்கு இருந்த அக்கறை, பிபிடி மட்டும் இங்கிலீஷில் போடுகிற நமக்கும் கொஞ்சம் வேண்டும்.

சொல்ல விஷயமும் கஷ்டமில்லை. 25 எம்எம் ஐபீஸில் நம்ம டெலஸ்கோப் 48 மடங்கு காட்டும். மோட்டார் கிடையாது. நிலாவை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் ஓரத்துக்குப் போய்விடும். “நிலா ஓடுதா?” என்று கேட்பார்கள். இல்லை, பூமி சுற்றுகிறது என்று சொல்லலாம். பூமி சுற்றுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நம்மை எல்லோரும் கேட்பது பிளேஸ்மென்ட்டுக்கு இது உதவுமா என்றுதான். தெரியாது. ஆனால் எதிரே நிற்பவர் எட்டாவது படித்தவரோ, பேராசிரியரோ, அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்லத் தெரிந்த இன்ஜினியர் வீணாகப் போக மாட்டார் என்று நினைக்கிறேன்.

காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் வைத்து ஆராய்ச்சி செய்கிற வைணு பாப்பு ஆப்சர்வேட்டரியே சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிற வழக்கம் வைத்திருக்கிறது. நமக்கு ஏன் முடியாது?

ஸ்டோர் ரூம் சாவி லேப் அசிஸ்டென்ட் சாரிடம் இருக்கிறது. கேட்டால் தருவார், போன வாரம் நான் கேட்டேன். பர்மிஷன் லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்து போட இன்னும் நிறைய இடம் இருக்கிறது. எந்த டிபார்ட்மென்ட், எந்த இயர் என்றாலும் சரி, கிளப் மெம்பராக இருக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல் பசங்க வந்தால் தாங்கியின் ஆட்டத்தையும் சரி பண்ணிக்கலாம்.

வரிசையில் முதல் ஆள் யார் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. நேற்று கேட்டில் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தேதியோடு.