தலையாட்டினால் போதுமா?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயதுக்காரர் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேருகிறார். மேஸ்திரி ஒரு முறை இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார். "புரிந்ததா?" என்று கேட்கிறார். புதியவர் தலையாட்டுகிறார். பயிற்சி முடிந்தது!

உண்மையில் அவருக்குப் புரியவில்லை. பிள்ளை குட்டிக்காரர், மறுபடி கேட்க வெட்கம். மறுநாள் இரும்பு வீணாகிறது, விரலுக்கும் ஆபத்து. "மண்டையில் ஏறாத ஆள்" என்ற பழி வேறு!

மேஸ்திரியை நோவானேன்? வேலை தெரிந்தவருக்கெல்லாம் சொல்லித்தரவும் தெரியும் என்று நினைப்பதே தவறு. அது தனி வித்தை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் புதிய தொழிலாளர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு ஒரு திட்டம் நடத்தியது. சொல்லித்தரும் முறையை மேஸ்திரிகளுக்குப் பத்து மணி நேரத்தில் பழக்கியது.

படிகள் நான்குதான். முதலில், புதியவரின் பயத்தைப் போக்க வேண்டும். அவருக்கு என்ன தெரியும் என்று அறிய வேண்டும். அடுத்து, வேலையைச் சிறு சிறு பகுதியாகச் செய்து காட்ட வேண்டும். பிறகு, அவரையே செய்யவிட்டு, காரணத்தையும் சொல்ல வைக்க வேண்டும். கடைசியாக, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். தொழிலாளி கற்கவில்லை என்றால் குறை கற்பித்தவரிடமே என்பது அதன் கொள்கை.

இந்தியாவில் 1961-ல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. சட்டம் பழக இடம் தரும்; வித்தையை மனிதர்தான் தர வேண்டும்.

பத்து மணி நேரம் பெரிய செலவா? முதலாளிகள் அதை மேஸ்திரிகளுக்கு ஒதுக்கட்டும். மேஸ்திரிகள் தலையைப் பார்க்காமல் கையைப் பார்க்கட்டும்!