நூல் மட்டுமே சேலையாகுமா?

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது பழமொழி. நோயைப் பற்றிய பேச்சிலும் இவ்வெண்ணமே மேலோங்கி நிற்கிறது. “சர்க்கரை நோய் எங்கள் பரம்பரையில் உள்ளது” என்று கூறி அமைபவர் பலர். இக்கூற்று பாதி உண்மையே.

மனித உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. ஆயினும் கண்ணின் உயிரணு வேறு, கல்லீரலின் உயிரணு வேறு. எந்த மரபணு எப்போது, எவ்வளவு செயல்பட வேண்டும் என்னும் கட்டுப்பாடே இதற்குக் காரணம். மரபணுக்கள் தனித்து இயங்குவதில்லை. சில எழும்போது வேறு சில அடங்குகின்றன. இக்கூட்டு ஒழுங்கைப் பிறவியில் வந்த மரபணு வேறுபாடும் மாற்றும். உணவு, புகை, நோய்த்தொற்று முதலிய சூழலும் மாற்றும்.

நெதர்லாந்தின் துயர வரலாறு இதற்குச் சான்று. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு வரத்து தடைப்பட்டது. ஒருவருக்குரிய நாளுணவுப் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே சென்றது. துலிப் செடியின் கிழங்குகளைக்கூட மக்கள் வேகவைத்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அப்போது கருவிலிருந்தவர்களிடம், நடுவயதில் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்திருந்தது.

பஞ்சக் காலத்தில் கருவானவர்களை அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவின்மீது, அதன் செயலைக் கட்டுப்படுத்த உதவும் மெத்தில் குறிகள் அவர்களிடம் குறைந்திருந்தன. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும்! அடுத்து வந்த ஆய்வு வேறு சில மரபணுக்களிலும் இத்தகைய மாற்றங்களைக் காட்டியது. இக்குறிகளே நோய்க்கு முழுக்காரணம் என்று கூறிவிட இயலாது. ஆனால், பெற்றோர் அவர்களே. பெரிதும் வேறுபட்டது கருக்காலப் பசி.

ஆகவே நோயுற்றவரை ‘அளவின்றி உண்டவர்’ எனப் பழிப்பதும் ‘பரம்பரை’ எனக் கைவிடுவதும் பிழையே. கருவுற்ற பெண்ணின் உணவைச் சமையலறைச் செய்தியாக மட்டும் கருதுவது அதனினும் பெரும்பிழை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அங்கன்வாடி வழியாக அவளுக்கு விலையில்லா உணவு அளிக்கச் சொல்கிறது. இதனை வீண் செலவென்பார் அறுபதாண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆயினும் வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் கட்டடத் தொழிலாளப் பெண்கள் பலருக்கு அவ்வுணவு எட்டுவதில்லை. பெயர் எந்த ஊரில் பதிவாகியிருப்பினும், அவர்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே அது கிடைத்தாக வேண்டும்.