சேற்றில் சுழலும் ஒற்றைச் சக்கரம்

சங்கத்திற்குப் பிக்கப் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால் நம்மவர் கேட்கும் கேள்விகள் மூன்று. விலை என்ன? எவ்வளவு பாரம் ஏற்றலாம்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இவை கேட்கத்தக்கவையே. ஆயினும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. பின் அச்சில் இருப்பது எவ்வகை டிபரன்ஷியல் என்பதே அது. மழைக்காலத்தில் வாழைத்தார்ப் பாரத்தோடு வயற்பாதையில் வண்டி நின்றுவிடக் கண்டவர்களுக்கு இக்கேள்வியின் அருமை விளங்கும்.

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டிற்கும் இடைவெளி 1.5 மீட்டர் எனில், ஒரு முழு வட்டம் சுற்றுகையில் இவ்வேறுபாடு 9 மீட்டருக்கு மேலாகும். ஆகவே இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கர அமைப்பே டிபரன்ஷியல். அது இல்லையேல் டயர்கள் தேயும். வண்டியும் எளிதில் திரும்பாது.

இந்நன்மையிலேயே ஒரு குறையும் உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகவே பங்கிடும். நுகத்தில் பூட்டிய ஒரு மாடு தளர்ந்தால், மற்றதன் பலமும் வீணாவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே, ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால், கெட்டி நிலத்தில் நிற்கும் மற்றதற்கும் அதே அற்ப விசைதான் கிட்டும். இஞ்சின் எத்துணை வலியதாயினும் பயனில்லை.

இக்குறையைப் போக்க வந்ததே லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல். அதனுள் உள்ள உராய்வுத் தட்டுகள் ஒரு சக்கரம் தனித்து ஓடுவதைத் தடுத்து, பிடிப்புள்ள சக்கரத்திற்குக் கூடுதல் விசையை அனுப்புகின்றன. அமெரிக்காவில் பாக்கார்ட் கம்பெனி 1956இல் தன் கார்களில் இதனை அளித்தது. 1973 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் ஈட்டன் கம்பெனியின் வேறொரு வகை வந்தது. சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்திற்குச் சுமார் 100 சுற்றை எட்டினால், இது இரண்டையும் தானே பூட்டிவிடும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இது வேண்டாம் எனச் சிலர் கருதுவர். அது தவறு. முன் அச்சில் ஒரு சக்கரமும் பின் அச்சில் ஒரு சக்கரமும் பிடிப்பிழந்தால் அவ்வண்டியும் நின்றுவிடக்கூடும்.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகவும் எண்ணலாகாது. இரு சக்கரங்களும் சேற்றில் ஆழ்ந்தால் இதனால் பயன் சிறிதே. வழுக்கும் சரிவில் இரண்டும் ஒருங்கே சுழன்றால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சறுக்கவும் கூடும். தட்டுகள் தேயக்கூடியவை, தயாரிப்பாளர் குறித்த எண்ணெயையே இடவேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கியரில் இட்டு இஞ்சினை ஓட்டலாகாது. தரையிலுள்ள சக்கரம் உருண்டு வண்டி பாய்ந்துவிடும்.

எனவே என் கருத்து இதுவே. நூல் சிப்பங்களையும் சேலைக் கட்டுகளையும் தார்ச்சாலையில் மட்டும் கொண்டுசெல்லும் வண்டிக்குச் சாதாரண டிபரன்ஷியலே போதும். நல்ல டயருக்குச் செலவிடுக. வயலுக்குள் இறங்கி விளைபொருளை ஏற்றும் வண்டியாயின், கூடுதல் விலை கொடுத்தேனும் இவ்வசதியுள்ளதையே வாங்குவது தகும். ஒருநாள் வண்டி நின்றால் அழுகுவது உழவரின் உழைப்பு. சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் பணம். கொட்டேஷனில் கையொப்பம் இடுமுன் இந்நான்காவது கேள்வியையும் கேட்பது நம் கடமை.