கோடு போட்ட பிறகே அழுத்துங்கள்

அண்மையில் ஒரு விடுதியின் வெந்நீர் லைனிலிருந்து அறுத்தெடுத்த 22 மி.மீ. காப்பர் எல்போ ஒன்று என் மேசைக்கு வந்தது. வெளியே குறை சொல்ல முடியாத வேலை. பிரஸ் டூலின் ஜா பதித்த அறுகோணத் தடம் சுத்தமாக இருந்தது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குழாய் முனையில் பிசிறு அப்படியே இருந்தது. அது உள்ளே ஏறும்போது ஓ-ரிங்கில் நகக்கீறல் போல ஒரு வெட்டு விழுந்திருந்தது. எவ்வளவு ஆழம் உள்ளே ஏற வேண்டும் என்று காட்டும் பேனாக் கோடு குழாயின் மேல் இல்லை. மாட்டிய அன்று ஒழுகாத இணைப்பு, சில மாதம் கழித்து ஃபால்ஸ் சீலிங்கை நனைத்துவிட்டது.

பற்றவைக்காமல் ஃபிட்டிங்கை அழுத்தியே குழாயோடு இணைக்கும் பிரஸ் முறை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வால்வு முழுதாக அடைபடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் பழைய லைனில் டார்ச் பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உள்ளே தண்ணீர் நிற்கும்வரை குழாயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈயம் கலவாத வெள்ளீய-செம்பு சால்டர் உருக 227 டிகிரி வேண்டும். ரொட்டித் துண்டை உருட்டி உள்ளே திணித்து, அது கரைவதற்குள் பற்றவைத்து முடிக்கும் பழைய வித்தை இதனால்தான் பிறந்தது. பிரஸ் டூலுக்கு அந்தக் கவலை இல்லை. நெருப்பு இல்லை, ஃபிளக்ஸ் இல்லை, சில விநாடிகளில் இணைப்பு முடிந்துவிடும். நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்திலும் மரத்தடுப்புக்குப் பின்னாலும் அச்சமின்றி வேலை செய்யலாம். ஜெர்மனியின் வீகா நிறுவனம் 1990-களில் காப்பர் குழாய்க்குக் கொண்டுவந்த இந்த முறை உலகெங்கும் பரவியதற்கு இவையே காரணம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கிறோம். பற்றவைப்பில் தவறு செய்தால் பெரும்பாலும் இணைப்பே காட்டிக்கொடுக்கும்: சால்டர் ஓடாது, விளிம்பைச் சுற்றி வளையம் முழுமையாகாது. பிரஸ்ஸில் அப்படி இல்லை. குழாய் பாதி ஏறியிருந்தாலும், ஓ-ரிங் கிழிந்திருந்தாலும் ஜா மூடிக்கொள்ளும்; வெளித்தோற்றம் ஒன்றுதான். கைத்திறனின் தேவை குறையவில்லை. அழுத்துவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்கு அது இடம் மாறியிருக்கிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியதை எல்லோரும் அறிவோம். குழாயைச் செங்கோணத்தில் வெட்ட வேண்டும். பிசிறை உள்ளும் புறமும் எடுக்க வேண்டும். ஓ-ரிங் இருக்கிறதா, வேலைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்: பொதுவாகத் தண்ணீருக்குக் கறுப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள். இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. தண்ணீருக்கான இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிக் கெட்டுப்போகும். பிறகு அந்த ஃபிட்டிங்குக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆழத்தை அளந்து கோடு போட வேண்டும். லேசாகத் திருகியபடி கோடு வரை தள்ளிய பிறகு, ஜாவை நேராகப் பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தி முடித்ததும் கோடு விளிம்பில்தான் நிற்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஜாவைப் பொருத்தும்போது குழாய் நழுவி வெளியே வந்திருந்தால், அதைச் சொல்ல அந்தக் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஜாவிலும் கவனம் வேண்டும். வி, எம் என்று வடிவங்கள் உண்டு; அளவு ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்திவிடாது. பக்கத்தில் பற்றவைக்கும் வேலை இருந்தால் அதை முதலில் முடித்து, ஆறிய பிறகே பிரஸ் ஃபிட்டிங்கை மாட்டுங்கள். சுடர்ச் சூட்டை ஓ-ரிங் தாங்காது.

சோதனையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். அழுத்த மறந்த இணைப்பு கசிந்து காட்டும்படி இன்று பல ஃபிட்டிங்குகள் வருகின்றன. அதைக் கண்டுபிடிக்கத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்த அழுத்தத்தில் முதலில் சோதித்து, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகே முழு அழுத்தம் ஏற்ற வேண்டும். ஆனால் அழுத்திய இணைப்புக்குள் கிழிந்திருக்கும் ஓ-ரிங்கை எந்தச் சோதனையும் உறுதியாகக் காட்டிவிடும் என்று நம்பாதீர்கள். என் மேசையில் கிடக்கும் எல்போ அதற்குச் சான்று.

புதிதாக வரும் பையன் கையில் முதல் நாளே பிரஸ் டூலைக் கொடுக்காதீர்கள். கட்டரும் பிசிறெடுக்கும் கருவியும் மார்க்கர் பேனாவும் கொடுங்கள். அவை அவன் கைக்குப் பழகிய பிறகு டூல் தானாக வசப்படும். ஒரு நாளில் எத்தனை இணைப்பு என்று கணக்குக் கேட்கும் ஒப்பந்தக்காரர்களிடமும் சொல்கிறேன்: எத்தனை கோடு போட்டிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். கோடு இல்லாத இணைப்பை முடிந்த வேலையாக ஏற்காதீர்கள்.